வராத லாபம்

என் அம்முச்சிக்குக் கடவாய்தான் பீரோ.

காலையில் காபி குடித்த கையோடு சுருக்குப் பையை அவிழ்ப்பார். வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, முந்தானையில் இரண்டு துடை துடைத்து, சுண்ணாம்பைத் தீற்றி, கொட்டைப்பாக்கை வைத்து மடித்து வாயில் போடுவார். பின்னாலேயே ஒரு துண்டு புகையிலை. மென்று துப்பிவிட மாட்டார். இடது கன்னத்தில் அதக்கிக்கொள்வார். மத்தியானச் சோறு வரைக்கும் அது அங்கேயே இருக்கும். அன்னூர் பக்கம் அந்த வயசுப் பெண்கள் பலருக்கு ஒரு கன்னம் லேசாகப் புடைத்திருக்கும். முகவாகே அப்படித்தான் என்று சின்ன வயசில் நினைத்திருந்தேன்.

அந்தக் கன்னத்தைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேச வேண்டும். கூடவே, நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும்.

அம்முச்சிக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரையிலேயே பல வருஷம் வண்டி ஓடியது. 2007-ல் மாத்திரை கைவிட்டது. 'இனிமே இன்சுலின் போட்டாத்தான் சரியா வரும்' என்றார் டாக்டர். அம்முச்சி நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார்.

"ஏனுங் டாக்டரு, என்ற ஒடம்பென்ன கோணிச் சாக்குங்களா? நாளுக்கு ரெண்டு வாட்டி ஊசி குத்தித் தெக்கறதுக்கு?"

டாக்டர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு, அவர் ஏன் பயந்தார் என்பது மெதுவாக வெளியே வந்தது. வலி பாதிதான் காரணம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இன்சுலின் ஆரம்பித்து ஆறே மாசத்தில் போய்ச் சேர்ந்தவர். "ஊசின்னு வந்துட்டா அத்தோட முடிஞ்சுதுன்னு அர்த்தம் கண்ணு" என்றார். உங்கள் வீட்டிலும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள்.

அப்போது நான் ஒரு பத்திரிகையில் வணிகப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பி.காம். படித்தவன் என்ற பாவத்துக்குக் கம்பெனிச் செய்திகள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். 2008 தொடக்கத்தில் ஒரு செய்தி வந்தது. கனடாவின் டொரான்டோ நகரத்து ஜெனரெக்ஸ் பயோடெக்னாலஜி என்ற கம்பெனி, வாய்க்குள் கன்னத்தில் அடித்துக்கொள்ளும் இன்சுலின் ஸ்பிரே ஒன்றைத் தயாரித்திருந்தது. பெயர் ஓரல்-லின். ஈக்வடார் நாடு 2005-லேயே அதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. 2007 கடைசியில் இந்தியாவும் அனுமதித்தது. மும்பையின் ஸ்ரேயா லைஃப் சயின்சஸ் நிறுவனம் 'ஓரல் ரெக்கோசுலின்' என்ற பெயரில் இங்கே கொண்டுவரும் என்று ஏற்பாடு.

என் தலைப்பு என்ன தெரியுமா? 'ஊசிக்கு டாட்டா!'

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டேன். "அம்முச்சி, இனி ஊசி வேண்டாங்க. வாயத் தொறந்து கன்னத்துல நாலு அடி அடிச்சாப் போதும்." அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! புகையிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "அப்புடிச் சொல்லு சாமி! அதுக்கு நம்ம கன்னம் தோதாத்தான் இருக்கும்."

விளையாட்டாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருந்தது.

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதை மாத்திரையாக விழுங்கினால் பருப்பையும் முட்டையையும் என்ன செய்யுமோ அதையேதான் வயிறு இதையும் செய்யும். துண்டு துண்டாக்கி ஜீரணித்துவிடும். ஊசி வந்தது அதனால்தான். வயிற்றைச் சுற்றிக்கொண்டு போக வேறு வழி உண்டா என்று தேடியவர்கள் கண்ணில் பட்ட இடங்களில் ஒன்று கன்னத்தின் உள்பக்கம். அங்கே தோல் இல்லை, ஈரச் சவ்வு. சவ்வுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அங்கே உள்ளே நுழைந்த மருந்து வயிற்றையும் கல்லீரலையும் தொடாமல் நேராக ரத்தத்தில் கலக்கும். நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துக்கொள்வதும் இந்தத் தத்துவத்தில்தான்.

அம்முச்சியின் சுண்ணாம்புக்கும் இதில் வேலை உண்டு. சுண்ணாம்பின் காரம், புகையிலையில் உள்ள நிக்கோட்டினைச் சவ்வை எளிதாகக் கடக்கும் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. மருந்து விஞ்ஞானிகள் 'ஊடுருவலைக் கூட்டும் பொருள்' என்று தேடுவது இந்த மாதிரிச் சங்கதிகளைத்தான். நம் கிழவிகள் அதை டப்பியில் வைத்திருந்தார்கள். என்ன, அவர்கள் உள்ளே அனுப்பியது விஷம். அந்தக் கன்னங்களில் எத்தனை புற்றுநோயில் முடிந்தன என்பது நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்குத் தெரியும்.

விஷத்துக்குத் திறக்கிற கதவு மருந்துக்குத் திறக்காதா? நியாயமான கேள்வி. பதில்தான் கஷ்டம். நிக்கோட்டின் சின்ன மூலக்கூறு. இன்சுலின் அதைப்போல் சுமார் 35 மடங்கு கனம். சவ்வோ 40, 50 அடுக்குச் செல்கள் கொண்டது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே கொழுப்புப் பூச்சு. போதாததற்கு எச்சில் வேறு ஓயாமல் ஊறி எல்லாவற்றையும் வயிற்றுக்கு அடித்துக்கொண்டு போகிறது. இரண்டு கன்னமும் சேர்ந்தே சுமார் 50 சதுர சென்டிமீட்டர்தான் இடம்.

விளைவு? அந்த ஸ்பிரேயில் பத்து யூனிட் அடித்தால் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய ஒரு யூனிட். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே பலமுறை அடித்துக்கொள்ள வேண்டும். அதுவும் சாப்பாட்டு நேர இன்சுலினுக்குத்தான் மாற்று. நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் இன்சுலின் தேவைப்படுகிறவர்களுக்கு ஊசி மிச்சம் இருக்கவே செய்யும்.

கோயமுத்தூர்க்காரனுக்கு இந்தக் கணக்கு உறுத்தும். நூறு கிலோ பஞ்சு போட்டால் சுமார் எண்பத்தைந்து கிலோ நூல் எடுக்கிற ஊர் இது. அந்தப் பதினைந்து கிலோக் கழிவையும் சும்மா விடாமல் ஓ.ஈ. மில்லுக்கு விற்றுக் காசாக்குவோம். பத்தில் ஒன்பது வீணாகிற மில்லை நாளைக்கே இழுத்துப் பூட்டச் சொல்லுவோம். 1923-ல் இன்சுலினின் காப்புரிமை டொரான்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்பட்டது ஆளுக்கு ஒரு டாலருக்கு. இது எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம். அதே டொரான்டோவிலிருந்து, ஒருவருக்கு ஊசி வலிக்கக் கூடாது என்பதற்காகப் பத்துப் பேருக்கான சரக்கைச் செலவழிக்கும் மருந்து! இது நியாயமா?

அவசரப்பட்டு 'நியாயமில்லை' என்று சொல்லிவிடாதீர்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதப்படாமல் இருக்கிறது.

கோவையில் 'இதயங்கள்' என்று ஓர் அறக்கட்டளை இருக்கிறது. டைப் 1 சர்க்கரை நோயுள்ள ஏழைக் குழந்தைகளுக்கு இன்சுலின் கிடைக்க உதவுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு குழந்தை நாளுக்கு நாலு ஊசி போட்டுக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 1,460. ஐந்து வயசில் ஆரம்பித்து இருபது வயசு வரை 21,900. சர்க்கரையைப் பார்க்க விரல் நுனியில் குத்துவது தனி. பள்ளிக்கூடத்தில் ஒளிந்து போடுவது, கல்யாணப் பேச்சு வரும்போது மறைப்பது, அதெல்லாம் இன்னும் தனி.

பி.காம். மூன்று வருஷத்தில் கட்டடத்துக்குத் தேய்மானம் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். மாட்டுக்குக்கூட மதிப்புப் போட்டோம். 21,900 குத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. எழுதத் தெரியாத செலவைப் 'பூஜ்யம்' என்று நினைப்பது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம். 'ஊசிதானே, எறும்பு கடிச்சாப்பல இருக்கும்' என்று சொல்கிறவர், பெரும்பாலும், போட்டுக்கொள்ளாதவர்.

ஆகவே வலியைக் குறைக்கக் கன்னத்தில் வழி தேடுவது பணக்காரச் சொகுசு என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டு ஃபிரிட்ஜில் இன்சுலினை வைத்துக்கொண்டு பயத்தில் போட்டுக்கொள்ளாமல் இருக்கிறவருக்கு அந்த மருந்து நூறு சதவிகிதம் வீண். பத்துக்கு ஒன்று தேறினாலும் அவர் கணக்கில் அது லாபம்தான். ஜூன் 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்றது. அதில் எத்தனை அம்முச்சிகள் இருப்பார்கள்!

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

அந்த இந்திய அனுமதிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. இந்தியாவிலேயே நோயாளிகளிடம் ஓர் ஆய்வை முடிக்க வேண்டும். அதற்குப் பிறகே விற்பனை. என் செய்தியில் அந்த வரி இல்லை. இடம் பற்றாமல் வெட்டினேனா, கண்ணிலேயே படவில்லையா, இன்றைக்கு ஞாபகம் இல்லை. 'ஊசிக்கு டாட்டா' என்று எழுதின கைக்கு அந்த வரி தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்முச்சி கேட்பார். "அந்த வாய் மருந்து வந்துருச்சா கண்ணு?" நானும் "வந்துருங்க அம்முச்சி, இன்னுங் கொஞ்ச நாள்" என்பேன். டாக்டரிடமும் அதையே சொன்னார்: "என்ற பேரன் வாய் மருந்து வருதுன்னு பேப்பர்லயே போட்டிருக்கானுங்க. அது வரட்டும்." அச்சில் வந்ததற்கு அந்தத் தலைமுறை கொடுத்த மரியாதை அது.

ஸ்பிரே ஊசியின் இடத்தைப் பிடிக்கவே இல்லை. இதற்கு முன்னால் மூச்சு வழியாக இழுக்கும் 'எக்சூபெரா' என்ற இன்சுலின், 2006-ல் அமெரிக்க அனுமதி வாங்கி 2007-லேயே மூட்டை கட்டியிருந்தது. ஃபைசர் மாதிரி ஒரு பெரிய கம்பெனி. அந்தத் தோல்விக்கு எழுதிய நஷ்டம் 280 கோடி டாலர். அதைப் பார்த்தாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

2009 கடைசியில் அம்முச்சியின் கால் கட்டைவிரலில் ஒரு புண். ஆறவில்லை. விரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் வேறு வழியில்லாமல் இன்சுலின் ஆரம்பித்தார்கள். முதல் ஊசியை ஒரு நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடியே போட்டார். அம்முச்சி ஊசி போட்ட இடத்தையும் நர்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத்தினிதானா கண்ணு?"

வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்சுலினை முன்பே போட்டிருந்தால் விரல் பிழைத்திருக்குமா? சத்தியமாக யாரும் சொல்ல முடியாது. காத்திருந்த அந்த இரண்டு வருஷம் அவருக்கு நல்லது செய்யவில்லை என்று மட்டும் சொல்லலாம். அதில் என் பங்கு எவ்வளவு என்பதை நான் அவ்வப்போது கூட்டிக் கழித்துப் பார்ப்பதுண்டு.

'நம்பிக்கை கொடுத்தது ஒரு தப்பாய்யா?' என்று நீங்கள் கேட்கலாம். நம்பிக்கை காப்பாற்றிய கதையும் இருக்கிறதே! இருக்கிறது. எலிசபெத் ஹியூஸ் என்ற அமெரிக்கச் சிறுமிக்கு 1919-ல் சர்க்கரை நோய். அப்போது இன்சுலின் கிடையாது. இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. சோறு தண்ணியைக் குறைத்து, எலும்பும் தோலுமாக, சுமார் 20 கிலோ எடையில் மூன்று வருஷம் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள். டொரான்டோவில் 14 வயது லெனார்ட் தாம்ப்சனுக்கு 1922 ஜனவரியில் முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதே ஆகஸ்டில் எலிசபெத்துக்கும் கிடைத்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகு 1981 வரை வாழ்ந்தார். காத்திருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது.

எலிசபெத்தும் காத்திருந்தார், என் அம்முச்சியும் காத்திருந்தார். என்ன வித்தியாசம்? எலிசபெத் கையில் வேறு மருந்து இல்லை. இருந்த ஒரே வைத்தியத்தை விடாமல் செய்துகொண்டே காத்திருந்தார். அம்முச்சிக்குப் பக்கத்து மருந்துக் கடையில் மருந்து இருந்தது. அதை விலக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார். வைத்தியத்துக்குத் துணையாக வருகிற நம்பிக்கையும், வைத்தியத்துக்குப் பதிலாக உட்கார்ந்துகொள்கிற நம்பிக்கையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துச் சொல்வது கொடுக்கிறவனின் பொறுப்பு. வாங்குகிறவர் வலியில் இருக்கிறார். அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெம்பு இருக்காது.

கணக்குப் பதிவியலில் முதல் வருஷமே சொல்லித்தருகிற ஒரு விதி உண்டு. வரக்கூடிய நஷ்டத்துக்கெல்லாம் முன்கூட்டியே ஒதுக்கி வை. லாபத்தைக் கைக்கு வருகிற வரை எழுதாதே. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன் நான். அந்த நான், வராத லாபத்தை என் அம்முச்சியின் பேரேட்டில் வரவு வைத்தேன். அவர் அதை நம்பிச் செலவு செய்தார்.

இன்றைக்கும் கன்னத்து ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசன் கலந்து சவ்வில் ஒட்டிக்கொள்ளும் பட்டைகள், எச்சில் பக்கம் மருந்து கசியாமல் முதுகை அடைத்த மெல்லிய படலங்கள் என்று பல வழிகள். 2023-ல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்து இ.டி.எச். பல்கலைக்கழகக் குழு, ஆக்டோபஸின் உறிஞ்சுக் கிண்ணத்தைப் பார்த்து, சட்டைப் பித்தான் அளவில் ஒரு கிண்ணம் செய்தது. கன்னத்தின் உள்ளே அழுத்தினால் அது சவ்வை உறிஞ்சி இழுத்து மெலிதாக்கும். கிண்ணத்துக்குள் இருக்கும் பொருள் சவ்வை இளக்கி மருந்துக்கு வழிவிடும். நாய்களிடம் சோதித்ததில் மாத்திரையைவிடப் பல மடங்கு மருந்து ரத்தத்தில் சேர்ந்தது.

படித்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. 'ஊசிக்கு டாட்டா - பாகம் 2' எழுதிவிடலாம்! இந்த முறை கட்டுரையின் கடைசி வரை போனேன். மனிதர்கள் 40 பேர் அந்தக் கிண்ணத்தை வாயில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்குள் இருந்தது வெறும் தண்ணீர். நிற்கிறதா, விழுகிறதா, வசதியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். இன்னொரு கேள்வியும் பாக்கி. தினம் நாலு வேளை, வருஷக்கணக்கில் கன்னத்துச் சவ்வை இளக்கினால் அந்தக் கன்னம் என்ன ஆகும்? சுண்ணாம்பும் பாக்கும் அதக்கிய கன்னங்களைப் பார்த்த ஊர்க்காரன் இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

வேறு கதவுகள் கொஞ்சம் திறந்திருக்கின்றன, மறுக்கவில்லை. செமாக்ளூடைடு என்ற இன்னொரு பெப்டைடு மருந்து மாத்திரையாக 2022-ல் இந்தியாவுக்கு வந்தது. அதிலும் விழுங்குவதில் நூற்றுக்கு ஒன்றுகூட முழுசாக ரத்தத்துக்குப் போவதில்லை. ஆனாலும் வேலை செய்கிறது. மூச்சில் இழுக்கும் 'அஃப்ரெஸ்ஸா' இன்சுலினை விற்க சிப்லா நிறுவனத்துக்கு 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகாது. ஊசியும் அம்முச்சி காலத்து ஊசியாக இல்லை. பேனா மாதிரி இருக்கிறது. முனை நாலு மில்லிமீட்டர்தான்.

உங்கள் வீட்டில் ஓர் அம்முச்சியோ, அப்பாவோ, பத்து வயசுப் பிள்ளையோ ஊசிக்குப் பயந்துகொண்டிருந்தால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவர் தன் பயத்தைச் சொல்வதை நிறுத்திக்கொண்டு வாய் மருந்துக்குக் காத்திருக்க ஆரம்பித்தார் என்று இப்போது தோன்றுகிறது. அவருக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் உட்காரும் ஓர் ஆள். அது 2007-லேயே இருந்தது, இலவசமாக. பேரன் பத்திரிகையோடு ஓடி வந்தானே தவிர, ஊசியை எடுத்துத் தன் வயிற்றில் ஒரு தடவை குத்திக் காட்டத் தோன்றவில்லை.

பேப்பரிலோ போனிலோ 'இனி ஊசி வேண்டாம்' என்று செய்தி வந்தால் சந்தோஷப்படுங்கள். யாரோ ஒருவர் அந்த 21,900 குத்துகளைக் கணக்கில் எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். பிறகு கடைசி வரி வரை படியுங்கள். எங்கே சோதித்தார்கள், நாயிடமா மனிதரிடமா, கடைக்கு வந்துவிட்டதா, அதுவரை என்ன செய்வது. இதற்குப் பதில் தெரிகிற வரை இன்றைய ஊசியை இன்றைக்கே போட்டுக்கொள்ளுங்கள்.

அம்முச்சி 2012-ல் காலமானார். கடைசி வரை வேளை தவறாமல் இன்சுலின் போட்டுக்கொண்டார். ஊருக்குப் போனால் சில சமயம் நானே போட்டுவிடுவேன். ஊசி போட்டுக்கொண்டே ஒருநாள் கேட்டார்.

"அந்த வாய் மருந்து என்னதாஞ் சாமி ஆச்சு?"

"வரலைங்க அம்முச்சி."

"இப்பவாச்சும் சொன்னியே" என்றார்.